ஐந்து கிழங்கும் ஒரு பட்டு நூலும்

உலகத்தில் ஒன்றே ஒன்றாக இருந்த ஒரு செடியை நான் தின்றுவிட்டேனோ என்ற சந்தேகத்தோடு இரண்டு வருஷம் வாழ்ந்திருக்கிறேன். பசிக்குத் தின்றிருந்தால் யாராவது மன்னிப்பார்கள். நான் அதை லேகியமாக, தேனில் குழைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, காலையும் மாலையும், புளி தள்ளி மீன் தள்ளி, ஒரு மண்டலம் தின்றேன். உடம்பு தேறுவதற்காக.

என் உடம்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், நேரமாகாது. நான் நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியார். வகுப்பில் கரும்பலகைக்குப் பக்கவாட்டில் திரும்பி நின்றால், வாத்தியார் வெளியே போய்விட்டார் என்று பையன்கள் சத்தம் போட ஆரம்பிப்பார்கள். ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே காற்று இறங்கும் நாட்களில், பூதப்பாண்டி பஸ்ஸுக்கு என்னைத் தனியாக அனுப்ப என் மனைவி தங்கம் யோசிப்பாள். நாற்பத்தெட்டு வயதில் ஒரு மனிதனுக்கு வயிறாவது இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி.

அவள் தொந்தரவு தாங்காமல்தான் பூதப்பாண்டியில் நல்லபெருமாள் ஆசானிடம் போனேன். ஆசான் நாடி பார்த்தார். கண்ணிமையை விரித்துப் பார்த்தார். பிறகு கையை உதறிவிட்டுச் சொன்னார்:

"ஓய் வாத்தியாரே, ஒமக்கு நோயி ஒண்ணும் இல்ல. ஆளே இல்ல, பின்ன நோயி எங்க வந்து இருக்கும்?"

மருந்து ஒன்றுதான் என்றார். சாலாமிசிரி. கோட்டாற்றில் நாட்டுமருந்துக் கடைகளில் உலர்ந்த கிழங்காக நூலில் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்களே, அது.

"கோட்டாற்றிலேயே வாங்கிக்கொள்ளலாமே" என்றேன்.

"வாங்கும். மரச்சீனிக் கெழங்க உருட்டிக் கோத்து வச்சிருக்கான். அதத் தின்னா மரச்சீனி தின்ன பெலன் வரும். அத நீரு வீட்டுலயே தின்னுகிட்டுத்தான இருக்கீரு?"

அது ரேஷன் காலம். அரிசியைக் கண்ணால் பார்த்துவிட்டு, மரச்சீனி என்கிற மரவள்ளியைத் தின்றுகொண்டிருந்தோம்.

இந்த நிலையில்தான் சைப்ரஸ் தீவில் ஆங்கில ஆசிரியர்கள் கூடும் ஒருவாரக் கூட்டத்துக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஒருவரை அனுப்பும்படி கடிதம் வந்தது. சுதந்திரம் கிடைத்து நாலாவது வருஷம். முதலில் தேர்வானவர் தலைமையாசிரியர். கடல் தாண்டினால் மகளுக்கு மாப்பிள்ளை அமையாது என்று அவர் வீட்டில் தடுத்துவிட்டார்கள். இரண்டாவது ஆளுக்குப் புட்டாளம்மை போட்டது. மூன்றாவதாக, மகளும் இல்லாத, வீங்குவதற்குக் கன்னமும் இல்லாத நான் கிடைத்தேன்.

செய்தி கேட்டதும் ஆசான் என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டார். "சாலாமிசிரி அந்தக் கடலுக்க கரையில உள்ள சரக்குதான் ஓய்! தெய்வம் ஒம்மத் தூக்கி மருந்துக்க வாயிலயே போடுது" என்றார். எது எதன் வாயில் என்பதில் அவருக்குக் கொஞ்சம் குழப்பம் இருந்தது. ஆனால் விதிகளில் குழப்பமே இல்லை. கடையில் வாங்கக் கூடாது. நாமே தோண்ட வேண்டும். தோண்டுவதற்கு முந்திய நாள் செடிக்கு மஞ்சள் நூல் காப்புக் கட்டி, அதனிடம் அனுவாதம், அதாவது அனுமதி, கேட்க வேண்டும். மறுநாள் தோண்டினால் அடியில் இரண்டு கிழங்கு இருக்கும், ஒன்று சுருங்கியது, ஒன்று திரண்டது. திரண்டதை மட்டும் எடுத்து அன்றைக்கே பாலில் வேகவைத்து உலர்த்த வேண்டும். குறைந்தது ஐந்து கிழங்கு வேண்டும்.

"நூலு கெட்டாத செடியத் தொட்டா, தொட்டவனுக்கு ஆகாது. நூலு கெட்டியாச்சுன்னா, அது தர சம்மதிச்சாச்சுன்னு அர்த்தம். வெளங்குச்சா?"

விளங்கியது. அதுதான் பின்னால் வினையாயிற்று.

எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதை எழுதப்போவதில்லை. கடலின் பெரும்பகுதியை நான் ஒரு வாளியின் உட்புறமாகத்தான் பார்த்தேன்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், கைரீனியா துறைமுகத்துக்கு மேலே ஒரு மலைக்கிராமத்தில் என்னை இறக்கிவிட்டார்கள். வெளியூர் ஆசிரியர்களை ஆளுக்கொரு வீட்டில் தங்கவைத்திருந்தார்கள். எனக்கு வாய்த்தது மிஸ் டார்ன்லி வீடு. அந்தத் தீவில் முப்பது வருஷம் பெண்கள் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற ஆங்கிலேயப் பெண்மணி. வாசற்கதவைவிட இரண்டு விரற்கடை குறைந்த உயரம். என்னைப் பார்த்ததும், "இன்னொருவர் எங்கே?" என்று கேட்டார். என் பெயர், அப்பா பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் சேர்ந்த நீளத்தைக் கடிதத்தில் பார்த்து, இரண்டு பேர் வருவதாக எண்ணி இரண்டு கட்டில் போட்டிருந்தார். இரண்டிலும் அரை அரையாகப் படுத்தால்கூட நான் மிஞ்சமாட்டேன் என்பதை முதல் பார்வையிலேயே கண்டுகொண்டார்.

சமையற்காரி எலெனி ஐம்பது வயசுக்காரி, உள்ளூர். அவள் பேசியது கிரேக்கம். மிஸ் டார்ன்லி அதை எனக்கு ஆங்கிலத்தில் சொல்வார். ஆனால் அவள் இழுத்து இழுத்துப் பாடுகிற மாதிரிப் பேசியது என் காதில் புதுக்கடைச் சந்தையில் மீன் விற்கிற பெண்ணின் பேச்சாகத்தான் விழுந்தது. ஆகவே அப்படியே தருகிறேன். நடுவிலிருந்த ஆங்கிலத்தால் யாருக்கும் லாபமில்லை. என்னைக் கண்டதும் அவள் சொன்ன முதல் வாக்கியம்:

"எம்மோ, இதுக்க எலும்ப எண்ணிரலாம் போல இருக்கே! இதுக்க வீட்டுல சோறு கெடையாதா?"

அன்றிரவு சாப்பாட்டில் ஒலிவக்காய் இருந்தது. உப்பிலிட்ட நெல்லிக்காய்க்குத் தூரத்துச் சொந்தம் என்று நம்பிக் கடித்தேன், உறவு முறிந்தது. பொரித்த பாலாடைக்கட்டி வந்தது. பல்லில் பட்டதும் புதுச் செருப்பு மாதிரிக் கிறீச்சென்றது. சோறு கடைசியாக, பாலில் குழைந்து, சர்க்கரை போட்டு, லவங்கப்பட்டைப் பொடி தூவி, ஆறிப்போய் வந்தது. நான் உப்புக் கேட்டேன். எலெனி சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்காகப் பஸ்ஸில் கீழே துறைமுகத்துக்கு இறங்கினேன். பயணிகளில் எட்டு ஆட்டுக்குட்டிகள். ஓட்டுநர் நடுவழியில் நிறுத்திக் காப்பி குடிக்கப் போனார். மற்றவர்களும் இறங்கிப்போய்க் குடித்தார்கள். நேரத்துக்குப் போக வேண்டும் என்று கத்தியவை ஆட்டுக்குட்டிகள் மட்டும்தான். நம் ஊரில் ஓட்டுநர் வெற்றிலை போட இறங்கினால் குறைந்தது நாலு பேராவது அவருடைய வம்சத்தை விசாரிப்பார்கள். இங்கே வம்சத்தை விசாரித்தது அன்பாக. எல்லாரும் ஒருவருக்கொருவர் மச்சான்.

துறைமுகத்தில், நம் சாயாக்கடைச் சமோவார் போல ஒரு பித்தளைப் பாத்திரத்தைச் சுமந்துகொண்டு ஒருவன் சூடாக ஏதோ விற்றான். வெள்ளையாக, கொழகொழவென்று. வாங்கிக் குடித்தேன். கூவைக்கிழங்குக் கஞ்சி மாதிரியே, இனிப்பாக. இது எதில் செய்தது என்று சைகையில் கேட்டேன். இடுப்பிலிருந்து ஒரு சரத்தை எடுத்துக் காட்டினான். உலர்ந்த சிறு கிழங்குகள், நூலில் கோத்தவை. சாட்சாத் சாலாமிசிரி! கோட்டாற்றுக் கடையிலிருந்து ஆறு கடல் தாண்டி வந்து சொந்தக்காரனைப் பார்த்தது போல இருந்தது. சரம் முழுவதையும் வாங்கிக்கொண்டு அன்றைக்கே பிரச்சினையை முடித்திருக்கலாம். கடையில் வாங்கக் கூடாது என்று ஆசான் சொன்னது நினைவுக்கு வந்தது. வாழ்க்கையில் நான் ஒழுங்காகக் கடைப்பிடித்த விதிகள் எல்லாம் இப்படிப்பட்டவைதான்.

புதன்கிழமை திரும்பும்போது பஸ்ஸின் தண்ணீர் கொதித்து ஆவி வந்தது. ஓட்டுநர் அதற்குக் கீழே நிழலில் படுத்துக்கொண்டார். நான் குடையும் கையுமாக மலைச்சரிவில் ஏறி நடந்தேன். முழங்கால் உயரப் புல். நடுவில் ஒரு பூவின்மேல் கருப்பாக ஒரு தேனீ உட்கார்ந்திருந்தது. குடையால் விரட்டினேன், போகவில்லை. அதட்டினேன், அசையவில்லை. குனிந்து பார்த்தால் தேனீயே இல்லை. பூவின் கீழிதழே அப்படி, ரோமமும் பளபளப்புமாக. ஒரு பூவை இரண்டு நிமிஷம் ஆங்கிலத்தில் அதட்டியிருக்கிறேன்.

சாப்பிடும்போது இதைச் சொன்னேன். மிஸ் டார்ன்லியின் முகம் மாறிவிட்டது. அதுவரை என்னை ஒரு மிச்சக்கட்டிலாகப் பார்த்தவர், முதல் தடவையாக மனிதனாகப் பார்த்தார்.

அது ஆர்க்கிட் என்றார். எங்கள் கீரிப்பாறை மலையில் மரத்தில் தொற்றி வளரும் மரவாழையின் இனம். ஆனால் இந்தக் கடற்பக்கத்தில் தரையில் வளர்கிறது. தேனீ வேஷம் போட்ட பூவுக்குள் தேன் கிடையாது. பெண் தேனீ என்று நினைத்து ஆண் தேனீ வந்து உட்காருமாம். ஏமாந்து போகும்போது மகரந்தத்தைத் தலையில் ஒட்டிக்கொண்டு போய், அடுத்த பூவிலும் அதே மாதிரி ஏமாறுமாம்.

"எங்கள் ஊரில் இதற்குத் தரகர்கள் இருக்கிறார்கள்" என்றேன்.

"சில சமயம்," அவர் குரலைத் தாழ்த்தினார், "தேனீ ஒரு ஜாதிப் பூவில் ஏமாந்துவிட்டு, வேறு ஜாதிப் பூவிலும் போய் ஏமாறும். அப்போது இரண்டும் கலந்து ஒரு புதுச் செடி முளைக்கும். அபூர்வம். முளைத்த இடத்தில் அது ஒன்றுதான் இருக்கும்."

எங்கள் ஊரில் இரண்டு தெரு தள்ளிப் பெண் எடுத்தாலே மூன்று கூட்டம் கூடிப் பேசுவார்கள். இங்கே ஒரு பூச்சி யாரையும் கேட்காமல் காரியத்தை முடித்துவிடுகிறது. மருமக்கள்வழிச் சொத்துரிமையில் வளர்ந்த நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு உடனே எழும் கேள்வியை நானும் கேட்டேன்: "அந்தப் பிள்ளைக்கு உரிமை அப்பன் வழியா, மாமன் வழியா?"

அவர் சிரிக்கவில்லை. "அதைத் தீர்மானிக்கத்தான் ஞாயிற்றுக்கிழமை லண்டனிலிருந்து ஒரு பேராசிரியர் வருகிறார்" என்றார்.

நாலு வருஷத்துக்கு முன் இந்தச் சரிவில் அப்படி ஒரு செடியை அவர் கண்டுபிடித்திருக்கிறார். ஒரு ஜாதியின் கருப்பு வெல்வெட்டு உதடு, இன்னொரு ஜாதியின் இளஞ்சிவப்பு இறக்கை. லண்டனுக்கு எழுதினார். வயதான கண்கள் சில சமயம் நிறங்களைக் கலந்து பார்க்கும் என்று மரியாதையாகப் பதில் வந்தது. அடுத்த இரண்டு வருஷமும் பூக்கவில்லை. அதற்கடுத்த வருஷம் பூத்ததை ஆடு தின்றது. இந்த வருஷம் மொட்டு விட்டிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை விரியும். எந்த இடம் என்று யாருக்கும் சொல்லவில்லை. எலெனிக்குக்கூட. ஊரில் கிழங்கு தோண்டுகிறவர்கள் இருக்கிறார்களாம்.

"வயதான கண்கள்," என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டு முள்கரண்டியைத் தட்டில் வைத்தார். அந்தச் சத்தத்தில் முப்பது வருஷத் தலைமையாசிரியை இருந்தார்.

கிழங்கு தோண்டுகிறவர்களில் ஒருவன் எதிரே உட்கார்ந்திருக்கிறான் என்று நான் உடனே ஒத்துக்கொண்டேன். மருந்துக்கு ஐந்து போதும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் ஊதாப் பூக்கதிரோடு நிற்பவை சாதாரணச் செடிகள், ஐந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதி தந்தார். அந்த அபூர்வச் செடி வேறெங்கோ வேலிக்குள், பலகை வைத்து, பூட்டுப் போட்டு இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நம் சர்க்கார் என்றால் அப்படித்தானே வைப்பார்கள்?

வியாழக்கிழமை மற்ற ஆசிரியர்கள் கோட்டை பார்க்கப் போனார்கள். நான் வயிற்றுவலி என்று தங்கிவிட்டேன். ஒலிவக்காய் தின்றவனை யாரும் சந்தேகிக்கவில்லை. மிஸ் டார்ன்லி பேராசிரியருக்கு அறை ஏற்பாடு செய்யப் பட்டணம் போயிருந்தார்.

தங்கம் எல்லாம் மூட்டை கட்டித் தந்திருந்தாள், சுக்கு முதல் விபூதி வரை. மஞ்சள் மட்டும் இல்லை. துண்டின் ஓரத்திலிருந்து நூல் பிரித்துக்கொண்டு சமையலறையில் போய் மஞ்சளாக எதையாவது தா என்று சைகையில் கேட்டேன். எலெனி கடுகு அரைத்த ஆங்கிலக் குழம்பு டப்பா ஒன்றை நீட்டினாள். நூலை அதில் தோய்த்தேன். எலெனி பாத்திரம் துலக்குவதை நிறுத்திவிட்டு என் பின்னாலேயே வந்து இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். ஊதாக் கதிரோடு நாலு செடிதான் அகப்பட்டது. நாலுக்கும் கட்டினேன். ஆசான் சொல்லிக்கொடுத்த மந்திரம் கப்பலில் வாளியோடு போய்விட்டிருந்தது. ஆகவே சாதாரணத் தமிழில் மன்னிப்புக் கேட்டேன். செடிக்குப் புரியுமோ என்ற சந்தேகத்தில் ஆங்கிலத்திலும் ஒரு தரம், இலக்கணப் பிழையில்லாமல்.

வெள்ளிக்கிழமை காலையில் கத்தியோடு போனேன். எண்ணினேன். ஐந்து!

நாலு செடிக்கு அப்பால் ஒரு கல்லின் ஓரத்தில் ஐந்தாவது ஒன்று நின்றது. கதிர் இல்லை, பச்சை மொட்டுகள் மட்டும். ஆனால் தண்டில் நூல். அதுவும் என்னுடையதைப்போல அழுக்குப் பருத்தி நூல் இல்லை. நல்ல மஞ்சள் பட்டு நூல், சின்ன முடிச்சாக, அழகாக.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நேற்று நான் ஒன்று குறைகிறதே என்று நின்றதை எலெனி பார்த்திருக்கிறாள். விருந்தாளிக்கென்று, கொசுறாக, பட்டு நூலால் தானே கட்டியிருக்கிறாள்! வாசலில் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தவளிடம் ஐந்தாவதைச் சுட்டிக்காட்டி, "நீயா?" என்று விரலால் கேட்டேன். அவள் தலையை ஒருதரம் மேலே வெட்டி நாக்கால் 'ச்' என்றாள். அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். அந்த ஊரில் அதற்கு 'இல்லை' என்று அர்த்தம் என்பதைப் பின்னால் சொன்னார்கள்.

தோண்டும்போதே என் மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. காப்புக் கட்டும் வழக்கம் இங்கேயும் இருக்கிறதென்றால், பழைய யவன வைத்தியமும் நம் சித்த வைத்தியமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்! மிளகு வாங்க வந்த கப்பலில் மஞ்சள் நூலும் ஏறிப் போயிருக்கிறது. ஐந்தாவது கிழங்கு வெளியே வருவதற்குள் கட்டுரைக்குத் தலைப்பும், எதிர்ப்பவர்களுக்குப் பதிலும் தயாராகிவிட்டன. திரண்ட கிழங்குகளைக் கிள்ளி எடுத்து, தண்டுகளைச் சரிவிலேயே போட்டுவிட்டு, கிழங்குகளை ஒன்றாகக் கழுவிக் கைக்குட்டையில் முடிந்தேன். ஐந்தும் கோலிக்குண்டுகள் மாதிரி ஒரே அளவு.

எலெனி ஆட்டுப்பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். கொதி வந்ததும் முதல் கிழங்கைப் போட்டேன். இரண்டாவதைக் கையில் எடுத்தபோது சமையலறை வாசலில் மிஸ் டார்ன்லி நின்றார். இடது கையில் பட்டு நூல். வலது கையில், சுருங்கிய கிழங்கும் பச்சை மொட்டுமாக ஒரு தண்டு.

"இதை யார் பிடுங்கியது?" என்றார்.

தலைமையாசிரியை கேட்கும்போது நாற்பத்தெட்டு வயதுக்காரனும் கையைத் தூக்கிவிடுகிறான். நான் தூக்கிய கையில் கிழங்கு இருந்தது.

"நூல் கட்டியிருந்தேனே" என்றார். குரல் உயரவே இல்லை.

"அதனால்தான்" என்றேன்.

விளக்கினேன். காப்பு, அனுவாதம், சம்மதம், ஆசான், எல்லாம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். பிறகு அவர் தன் பங்கைச் சொன்னார். நாலு வருஷமாக அந்தச் செடிக்கு எந்த அடையாளமும் வைக்கவில்லை. நேற்று சாயங்காலம் திரும்பி வந்தபோது என் நாலு நூல்களைப் பார்த்திருக்கிறார். விருந்தாளி தனக்கு வேண்டியவற்றுக்கு நூல் கட்டிவிட்டார், நம்முடையதற்கு நாம் கட்டிவிட்டால் அதைத் தொடமாட்டார் என்று நினைத்திருக்கிறார்.

"உங்களுடையது பருத்தி. என்னுடையது பட்டு. வித்தியாசம் தெரியும் என்று எண்ணினேன்."

"தெரிந்தது," என்றேன். "விருந்தாளிக்கு மரியாதை என்று எண்ணினேன்."

அடுப்பில் பால் கொதித்துக்கொண்டே இருந்தது. பிறகு அவர் கேட்டார்: "செடியிடம் மன்னிப்புக் கேட்டீர்களா?"

"மற்ற நாலிடமும் கேட்டேன். இதனிடம் எலெனி கேட்டிருப்பாள் என்று விட்டுவிட்டேன்."

எலெனிக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. கரண்டியைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தாள். "சவம்! ஒல்லிச் சவம்! அம்மா நாலு வருசமா அதுக்கு நோம்பு நோத்துகிட்டு இருக்கா, இது வந்து பாலுல போட்டு அவிக்குது! எனக்கு மொதல்லயே தெரியும் எம்மோ, சோத்துக்கு உப்பு கேக்கவன் எதுக்கும் துணிஞ்சவனாத்தான் இருப்பான்!" என்று சொல்லிக்கொண்டே பாலிலிருந்து கிழங்கை வாரி எடுத்தாள். அது வெந்து கண்ணாடி மாதிரி ஆகிவிட்டிருந்தது.

மேஜைமேல் நாலு பச்சைக் கிழங்கு. தட்டில் ஒரு வெந்த கிழங்கு. இதில் எது அது? மிஸ் டார்ன்லி பூதக்கண்ணாடி கொண்டுவந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். கிழங்கில் ஜாதி எழுதியிருக்கவில்லை. கடைசியதை வைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

சரிவின் மண்ணையே எடுத்து வந்து நாலு மண்சட்டிகளில் நாலையும் ஊன்றினார். அந்த மண்ணில்தான் அதற்கு வேண்டிய ஏதோ பூஞ்சணம் இருக்கிறதாம். "காலத்துக்கு முன்னால் பிரித்த கிழங்கு. பிழைத்தாலும் பூக்க வருஷமாகும்," என்றார். "நாலில் ஒன்றாக அது இருந்தால்." மொட்டுத் தண்டைச் சுருங்கிய கிழங்கோடு ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் நிறுத்தினார்.

சனிக்கிழமை கூட்டத்தில் என் பேச்சு. ஆங்கிலத்தைத் தெளிவாகக் கற்பிப்பது எப்படி என்று அரைமணி நேரம் பேசினேன். ஒருவருக்கொருவர் சொல்ல வந்தது தவறாமல் புரிய என்ன செய்ய வேண்டும் என்று ஒருவர் கேட்டார். நூல் கட்டாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பேராசிரியர் வந்தார். தம்ளரில் அடிமொட்டு பாதி விரிந்திருந்தது. கருப்பு உதட்டின் ஓரம் தெரிந்தது. இறக்கையின் நிறம் பச்சையா சிவப்பா என்று சொல்ல முடியாதபடி மடங்கிக் கிடந்தது. அவர் நெடுநேரம் லென்ஸ் வைத்துப் பார்த்தார். நாங்கள் இருவரும் பரீட்சைப் பையன்கள் போல நின்றோம்.

"சுவாரசியமாக இருக்கிறது," என்றார். "வேரோடு நின்று முழுசாக விரிந்திருந்தால்..." வாக்கியத்தை முடிக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள் தாவரவியல்காரரா?" என்றார்.

"இல்லை. ஆங்கில வாத்தியார்."

"நல்லது" என்றார், தாவரவியலின் சார்பில் நிம்மதியோடு.

நான் புறப்பட்ட அன்று மிஸ் டார்ன்லி அந்த வெந்த கிழங்கைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். நன்றாக உலர்ந்திருந்தது. "எடுத்துக்கொண்டு போங்கள். அதுவும் வீணாக வேண்டாம்." திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. எலெனி ஒரு பொட்டலம் ஒலிவக்காய் கொடுத்தாள். அது திட்டுத்தான்.

ஊர் வந்ததும் பூதப்பாண்டிக்குப் போய்க் காகிதத்தை ஆசானிடம் நீட்டிவிட்டுக் கதையை ஆரம்பித்தேன். நான் முன்னுரையில் கடலைத் தாண்டுவதற்குள் அவர் கிழங்கை இடித்துச் சூரணத்தில் சேர்த்துவிட்டார். கதை முடிந்தபோது லேகியம் ஆறிக்கொண்டிருந்தது.

"ஆசானே, அது அந்தச் செடியாக இருந்தால்?"

"இருந்தா கொள்ளாமே! ஊரு ஒலகத்துல ஒருத்தனும் தின்னாத மருந்துல்லா? வீரியம் எப்பிடி இருக்கும்!" என்றார் ஆசான். "இனி அதக் கொட்டிக் களஞ்சா அந்தம்மைக்கும் இல்ல, ஒமக்கும் இல்ல. சாப்பிடும் ஓய்."

சாப்பிட்டேன். ஒவ்வொரு உருண்டையும் தொண்டையில் இறங்கும்போது அந்தப் பூதக்கண்ணாடி நினைவுக்கு வரும். மண்டலம் முடிந்ததும் தங்கம் என்னைக் கோட்டாற்றில் ஒரு கொப்பரைக் கடைத் தராசில் ஏற்றி நிறுத்தாள். கடைக்காரர் படிக்கல்லை மாற்றி மாற்றி வைத்துவிட்டு, "ஆளு ஏறிட்டாரா இல்லியா?" என்று கேட்டார்.

அடுத்த வசந்தத்தில் மிஸ் டார்ன்லியின் கடிதம் வந்தது. ஒரு சட்டிக் கிழங்கு அழுகிவிட்டது. மூன்றில் இலை வந்திருக்கிறது, பூ இல்லை. இலையை வைத்து எதையும் சொல்ல முடியாது. அழுகியதா, நான் தின்றதா, மீதி மூன்றில் ஒன்றா? நான் பதில் எழுத உட்கார்ந்து, மூன்று நாளில் மூன்று காகிதத்தைக் கிழித்துவிட்டு, கடைசியில் மழை பற்றி எழுதினேன்.

அதற்கடுத்த வசந்தத்தில் இரண்டாவது கடிதம். உறையிலிருந்து முதலில் விழுந்தது காய்ந்து தட்டையான ஒரு பூ. கருப்பு வெல்வெட்டு உதடு. இளஞ்சிவப்பு இறக்கை.

மூன்றாவது சட்டியில் பூத்ததாம். பேராசிரியர் திரும்பவும் வந்து, மண்ணில் வேரோடு நின்ற பூவை, இரண்டு கண்ணாலும் பார்த்து ஒத்துக்கொண்டு, தங்கள் சங்கப் பத்திரிகையில் ஒரு குறிப்பும் எழுதிவிட்டாராம். அதில் பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு: 'இச்செடி ஒரு தடவை ஓர் இந்திய விருந்தினரால் இடம் மாற்றப்பட்டது.' விஞ்ஞானத்துக்கு என் பங்களிப்பு முழுவதும் அவ்வளவுதான். 'என் கண்களுக்கு வயதாகவில்லை என்று இப்போது அச்சில் இருக்கிறது' என்று மிஸ் டார்ன்லி எழுதியிருந்தார். அந்த வரியின் கீழே மட்டும் மை கொஞ்சம் அழுத்தமாக இருந்தது. கடைசியில் ஒரு பின்குறிப்பு: இப்போது நூல் கட்டுவதில்லை, முள்வேலி போட்டிருக்கிறேன், அந்த ஒல்லி மனிதர் தேறினாரா என்று எலெனி கேட்கிறாள்.

அன்றைக்கே பஸ் ஏறி பூதப்பாண்டிக்குப் போனேன். இரண்டு வருஷப் பாரம் இறங்கிய வேகத்தில், ஆசானுக்குக் கடிதத்தை வரிவரியாகத் தமிழில் படித்துச் சொன்னேன். பூவை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னை மேலும் கீழுமாக ஒரு தரம் பார்த்தார்.

"அப்பம் நீரு தின்னது சாதாக் கெழங்குதான்," என்றார். "அதான் ஓய், தேறல்ல."